அச்சகத்தின் இரண்டு விலைகளும் ஒரு நேர்க்கோடும்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்க விலை கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 200 பத்திரிகைக்கு 2,900 ரூபாய், 500 பத்திரிகைக்கு 5,600 ரூபாய் என்கிறார்கள். உங்களுக்கு வேண்டியதோ 350. எவ்வளவு ஆகும்?

கையில் செல்போன் கால்குலேட்டர் இருந்தால் பலரும் முதலில் செய்வது வகுத்தல். 2,900-ஐ 200-ஆல் வகுத்தால் ஒரு பத்திரிகை 14 ரூபாய் 50 காசு. அந்தக் கணக்கில் 350-க்கு 5,075 ரூபாய். இன்னொருவர் 5,600-ஐ 500-ஆல் வகுத்து 11 ரூபாய் 20 காசு என்று எடுத்துக்கொண்டால் 3,920 ரூபாய். ஒரே அச்சகம், ஒரே பத்திரிகை. இரண்டு விடைக்கும் நடுவே 1,155 ரூபாய் இடைவெளி. இரண்டுமே தவறு.

சரியான வழி கழித்தலில் தொடங்குகிறது. 200-லிருந்து 500-க்குப் போகும்போது பத்திரிகை 300 கூடியது, விலை 2,700 ரூபாய் கூடியது. ஆக, கூடுதலாக அடிக்கும் ஒவ்வொரு பத்திரிகைக்கும் 9 ரூபாய். இப்போது 200 பத்திரிகைக்கு 9 ரூபாய் வீதம் 1,800 ரூபாய்தான் ஆகிறது. ஆனால் கேட்ட விலை 2,900. மிச்சம் இருக்கும் 1,100 ரூபாய் எதற்கு? டிசைன் செய்ய, பிளேட் போட, மெஷினைச் செட் செய்ய. பத்து அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் அந்தச் செலவு ஒன்றுதான். ஆகவே,

விலை = 9 × பத்திரிகை + 1,100

350-க்கு 3,150 கூட்டல் 1,100, மொத்தம் 4,250 ரூபாய்.

இதுதான் சாய்வு–வெட்டுத்துண்டு வடிவம். பாடநூல் இதை ஒய் = எம் எக்ஸ் + சி என்று எழுதுகிறது. எக்ஸ் என்பது பத்திரிகை, ஒய் என்பது விலை, எம் என்பது 9, சி என்பது 1,100. கடலூர்ப் பிள்ளைகள் இதைப் பத்தாம் வகுப்பில் ஆயத்தொலை வடிவியல் பாடத்தில் சந்திக்கிறார்கள். ஆற்றைத் தாண்டிப் பாண்டியில் சிபிஎஸ்இ படிக்கும் பிள்ளைகள் இரு மாறி நேரியல் சமன்பாட்டை ஒன்பதிலேயே பார்த்துவிடுவார்கள். ஆனால் அவர்களுக்கு இந்த வடிவம் பெயரோடு வருவது பதினொன்றாம் வகுப்பு நேர்க்கோடுகள் பாடத்தில். அதே ஊரில் பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை இதே கோட்டை ஒய் = ஏ எக்ஸ் + பி என்று எழுதும். எழுத்து மாறினாலும் இடம் மாறுவதில்லை: எக்ஸைப் பெருக்கி நிற்கும் எண் சாய்வு, தனியாக நிற்கும் எண் வெட்டுத்துண்டு, அதாவது கோடு ஒய் அச்சை வெட்டும் இடம். இடத்தைப் பார்த்துப் படிக்கப் பழகிய பிள்ளைக்கு எந்த ஊர்ப் புத்தகமும் புரியும்.

இந்தப் பாடத்தில் மதிப்பெண் போவதற்கும், பிறகு இயற்பியலில் தடுமாறுவதற்கும் ஒரே காரணம்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. எம், சி இரண்டையும் வெறும் எண்ணாகவே எழுதிவிடுகிறார்கள். இரண்டுக்கும் அலகு உண்டு. எம் என்பது 9 அல்ல, ஒரு பத்திரிகைக்கு 9 ரூபாய். சி என்பது 1,100 அல்ல, 1,100 ரூபாய். எம்மின் அலகு எப்போதும் ஒய்யின் அலகை எக்ஸின் அலகால் வகுத்தது. சியின் அலகு எப்போதும் ஒய்யின் அலகு. இந்த இரண்டு வரியை நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு கணக்கிலும் சொல்லிப் பார்த்தால் பாதிப் பிழைகள் எழுதும்போதே பிடிபடும்.

எப்படி என்று பார்க்கலாம். சாய்வு காணும்போது மேலே எக்ஸ் வித்தியாசத்தையும் கீழே ஒய் வித்தியாசத்தையும் போட்டுவிட்டால் 300-ஐ 2,700-ஆல் வகுத்து ஒன்பதில் ஒன்று என்று வரும். அலகோடு வாசித்தால் ஒரு ரூபாய்க்கு ஒன்பதில் ஒரு பங்கு பத்திரிகை. அதுவும் ஒரு உண்மைதான், ஆனால் நாம் கேட்ட கேள்விக்கு விடை அல்ல. அடுத்த பிழை, மேலே ஒரு வரிசையும் கீழே வேறு வரிசையும் எடுப்பது: 5,600 − 2,900 மேலே, 200 − 500 கீழே. வருவது −9. பத்திரிகை கூடக் கூட விலை குறைகிறதா என்று ஒரு முறை கேட்டுக்கொண்டால் போதும், பிழை தெரிந்துவிடும். எந்தப் புள்ளியை முதலில் எடுத்தாலும் சரிதான். மேலே எடுத்த அதே வரிசையைக் கீழேயும் எடுக்க வேண்டும். மூன்றாவது பிழை, சி காணும்போது இடம் மாற்றிப் போடுவது: 200 = 9 × 2,900 + சி. சி = −25,900 என்று வரும். பத்திரிகையே அடிக்காமல் அச்சகம் உங்களுக்கு 25,900 ரூபாய் தருகிறது என்று பொருள்!

பரீட்சையில் வரும் கணக்குகளில் ரூபாயும் பத்திரிகையும் இருக்காது, வெறும் புள்ளிகள்தான் இருக்கும். அங்கே குறிகள்தான் வில்லங்கம். (−2, 7), (4, −5) என்ற இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே −5 − 7, அதாவது −12. கீழே 4 − (−2), அதாவது 6. சாய்வு −2. இங்கே அடைப்புக்குறி போடச் சோம்பல்பட்டு 4 − 2 என்று எழுதினால் கீழே 2 வந்து, சாய்வு −6 ஆகிவிடும். அடுத்து சி: 7 = (−2) × (−2) + சி, ஆகவே 7 = 4 + சி, சி = 3. இரண்டு எதிர் எண்களின் பெருக்கல் நேர் எண் என்பதை இந்த இடத்தில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள்; சி = 11 என்று வந்து நிற்கும். சரிபார்க்க ஒரே வழி, பயன்படுத்தாத மற்றப் புள்ளியைப் போட்டுப் பார்ப்பது. −2 × 4 + 3 = −5. பொருந்துகிறது. சி கண்டுபிடிக்கப் பயன்படுத்திய அதே புள்ளியைத் திரும்பப் போட்டுப் பார்ப்பது சோதனையே ஆகாது. எம் தவறாக இருந்தாலும் அது பொருந்திக் காட்டும்.

அச்சகத்துக்குத் திரும்பலாம், அங்கே இன்னும் விஷயம் இருக்கிறது. 14 ரூபாய் 50 காசு, 11 ரூபாய் 20 காசு என்ற எண்கள் பொய் இல்லை. அவை சராசரி விலைகள். ஒய்யை எக்ஸால் வகுத்தால் கிடைப்பது சராசரி. ஒய்யின் மாற்றத்தை எக்ஸின் மாற்றத்தால் வகுத்தால் கிடைப்பது சாய்வு. சராசரியில் அந்த 1,100 ரூபாயும் பங்கு போட்டுக் கலந்திருக்கிறது. 200 பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு 5 ரூபாய் 50 காசு, 500 பேருக்குப் போட்டால் 2 ரூபாய் 20 காசு. எண்ணிக்கை கூடக் கூட சராசரி 9 ரூபாயை நெருங்கும், ஆனால் தொடாது. சி சுழியாக (பூச்சியமாக) இருக்கும்போது மட்டும்தான் சராசரியும் சாய்வும் ஒன்று. அதைத்தான் பாடநூல் நேர் மாறுபாடு என்று தனியாக வைத்திருக்கிறது. அங்கே கோடு ஆதிப்புள்ளி (0, 0) வழியாகப் போகும். ஒன்றை இரட்டித்தால் மற்றதும் இரட்டிக்கும்.

சி சுழி இல்லாத இடத்தில் இரட்டிப்பு வேலை செய்யாது. 500 பத்திரிகை 5,600 என்பதால் 1,000 பத்திரிகை 11,200 என்று சொல்வது சியையும் சேர்த்து இரட்டித்துவிடுவது. உண்மை விலை 10,100. வித்தியாசம் 1,100, அந்த ஒரு சியேதான். வெப்பநிலையிலும் இதே கதை. பாரன்ஹீட் = 1.8 × செல்சியஸ் + 32. 20 டிகிரி செல்சியஸ் என்பது 68 பாரன்ஹீட். 40 டிகிரி செல்சியஸ் 104 பாரன்ஹீட். செல்சியஸில் இரட்டித்த எண் பாரன்ஹீட்டில் இரட்டிக்கவில்லை. கடலூரின் மே மாத வெயில் தை மாதத்தைவிட இரண்டு மடங்கு சூடு என்று எண்ணை வைத்துச் சொல்வதில் பொருள் இல்லை என்பது இதிலிருந்தே தெரியும். ஆனால் கூடுதலைப் பற்றிப் பேசலாம்: செல்சியஸில் 5 டிகிரி கூடினால் பாரன்ஹீட்டில் 9 டிகிரி கூடும், எங்கிருந்து தொடங்கினாலும். காய்ச்சல் கணக்கில் 37 செல்சியஸ் 98.6 பாரன்ஹீட்டாக வருவதையும் இதே சமன்பாட்டில் போட்டுப் பார்க்கலாம்.

சி எங்கிருந்து வருகிறது என்பதை இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். கடலூரிலிருந்து சிதம்பரம் நோக்கித் தெற்கே ஒரு பஸ் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. புறப்பட்ட நேரத்திலிருந்து மணியை எண்ணுவோம். கடலூரிலிருந்து உள்ள தூரம் கேட்டால், தூரம் = 40 × மணி. சி சுழி. பாண்டியிலிருந்து உள்ள தூரம் கேட்டால்? இரண்டு ஊருக்கும் நடுவே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் என்று வைத்தால், தூரம் = 40 × மணி + 25. பஸ் அதே பஸ், வேகமும் அதேதான். சுழியை எந்த ஊரில் நட்டோம் என்பது மட்டும் மாறியது, அதனால் சி மட்டும் மாறியது. எம் அசையவில்லை.

இப்போது அதே வேகத்தில் இன்னொரு பஸ் கடலூரிலிருந்து வடக்கே, ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று பாண்டிக்குப் போகிறது. பாண்டியிலிருந்து அதன் தூரம் = −40 × மணி + 25. எதிர்க்குறி என்றால் பஸ் பின்னால் ஓடுகிறது என்று பொருள் இல்லை. நாம் அளக்கும் தூரம் குறைந்துகொண்டே வருகிறது என்று பொருள். தூரம் சுழியாகும் இடம்தான் எக்ஸ் வெட்டுத்துண்டு: 25-ஐ 40-ஆல் வகுத்தால் 0.625 மணி, அதாவது 37 நிமிடம் 30 வினாடி. பொதுவாகச் சொன்னால் எக்ஸ் வெட்டுத்துண்டு −சி / எம். அந்தக் கழித்தல் குறியை விட்டுவிட்டால் பஸ் புறப்படுவதற்கு முன்பே பாண்டி போய்ச் சேர்ந்துவிடும். நிறுத்தங்களில் நின்று போகும் உண்மைப் பஸ்ஸின் வரைபடம் நேர்க்கோடாக இருக்காது, நின்ற நேரமெல்லாம் படுக்கைக் கோடாக வரும். படுக்கைக் கோட்டின் சாய்வு சுழி. நேரம் கூடுகிறது, தூரம் கூடவில்லை.

நேரத்தை மணியில் எழுதாமல் நிமிடத்தில் எழுதினால் எம் மாறிவிடும்: 40 கிலோமீட்டரை 60 நிமிடத்தால் வகுத்து, நிமிடத்துக்கு மூன்றில் இரண்டு கிலோமீட்டர். சி 25-ஆகவே இருக்கும். சுழியை நகர்த்தினால் சி மாறும், எக்ஸின் அலகை மாற்றினால் எம் மாறும். கணக்கில் நிமிடமும் மணியும் கலந்து வரும்போது தவறுவது இதை மறப்பதால்தான்.

கடலுக்குள் அழுத்தத்தைப் பாருங்கள், சிக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. கடல்நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டலம் (கடல் மட்டத்தில் காற்று அழுத்தும் அளவு) கூடுகிறது. அழுத்தம் = 0.1 × ஆழம் + 1. அந்த 1 என்பது தண்ணீரால் வந்ததே இல்லை. தலைக்கு மேலே உள்ள காற்றின் அழுத்தம். பாண்டிக் கடலில் 20 மீட்டர் ஆழத்தில் மூழ்கியிருப்பவர் மேல் மொத்தம் ஏறத்தாழ 3 வளிமண்டலம். ஆனால் அவர் கையில் இருக்கும் ஆழமானி கடல் மட்டத்து அழுத்தத்தைச் சுழியாக வைத்து, தண்ணீரால் கூடிய அழுத்தத்தை மட்டுமே கணக்கில் எடுக்கும். இரண்டு அளவும் இரண்டு இணைகோடுகள்: எம் ஒன்று, சி வேறு.

நம் ஊர்க் கொத்தனார்கள் சமன்பாடு எழுதாமலே சாய்வைத் தினமும் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் சொல் வாட்டம். மொட்டை மாடியில் தளம் போடும்போது ஐப்பசி, கார்த்திகை மழைநீர் தேங்காமல் குழாய் இருக்கும் மூலைக்கு ஓட வேண்டும் என்பதற்காக வாட்டம் விடுகிறார்கள். பத்து அடிக்கு ஓர் அங்குலம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். மேட்டிலிருந்து குழாய் வரை 20 அடி. குழாய் அருகே தளத்தின் கனம் குறைந்தது 2 அங்குலமாவது இருக்க வேண்டும். மேட்டில் எவ்வளவு கனம் போட வேண்டும்? 20 அடிக்கு 2 அங்குலம் இறங்கும், ஆகவே மேட்டில் 4 அங்குலம். மேட்டிலிருந்து அளந்தால்,

கனம் = −0.1 × அடி + 4

குழாயிலிருந்து அளந்தால்,

கனம் = 0.1 × அடி + 2

ஒரே தளம், இரண்டு சமன்பாடு. சுழியை வேறு இடத்தில் வைத்ததால் சி மாறியது. அளக்கும் திசையைத் திருப்பியதால் எம்மின் குறி மாறியது. இரண்டிலும் குழாயிலிருந்து 5 அடியில், அதாவது மேட்டிலிருந்து 15 அடியில், கனம் 2.5 அங்குலமே வருகிறதா என்று போட்டுப் பாருங்கள், வரும். இதில் 0.1 என்பது அடிக்கு 0.1 அங்குலம். இரண்டையும் அங்குலத்திலேயே எழுதினால் 120-ல் 1. 0.1 என்ற எண்ணைப் பார்த்துப் பத்துக்கு ஒன்று சாய்வு என்று யாராவது எடுத்துக்கொண்டால் 20 அடியில் 2 அடி இறங்கும். அது தளம் இல்லை, சறுக்குமரம்.

வேலை நடக்கும்போது என்ன கெடுகிறது என்பதும் இதே சமன்பாட்டில் தெரிகிறது. மேட்டில் 4 அங்குலம் சரியாகப் போட்டு, குழாய் அருகே 3 அங்குலமாக விட்டுவிட்டால் சி சரி, எம் பாதியாகிவிட்டது. வாட்டம் இருக்கும், ஆனால் மெதுவாக ஓடும் நீர் சின்னப் பள்ளத்திலும் தேங்கும். இரண்டு முனையிலும் ஓர் அங்குலம் கூடிவிட்டால் சி மட்டும் கூடியது. சிமெண்டு செலவும் பாரமும் கூடும், நீர் ஓடுவதில் குறை இருக்காது.

பாடப்புத்தக வடிவத்துக்கு வருவோம். கேள்வியில் சமன்பாடு பெரும்பாலும் 3 எக்ஸ் + 4 ஒய் − 24 = 0 என்ற பொது வடிவில்தான் வரும். சாய்வும் வெட்டுத்துண்டும் வேண்டுமானால் ஒய்யைத் தனியாக்க வேண்டும். முதலில் 4 ஒய் = −3 எக்ஸ் + 24. பிறகு முழு வரியையும் 4-ஆல் வகுக்க வேண்டும்: ஒய் = −3/4 எக்ஸ் + 6. இங்கே இரண்டு இடத்தில் வழுக்கும். ஒன்று, 3 எக்ஸை மறுபுறம் கொண்டுபோகும்போது குறி மாற்ற மறப்பது. இன்னொன்று, எக்ஸின் கெழுவை (எக்ஸைப் பெருக்கி நிற்கும் எண்ணை) மட்டும் வகுத்துவிட்டு 24-ஐ அப்படியே விடுவது. வெட்டுத்துண்டு 24 என்று எழுதிய விடைத்தாள்கள் எல்லாம் இந்த இரண்டாவது வகை. எக்ஸுக்குச் சுழி போட்டுப் பார்த்தால் 4 ஒய் = 24, ஒய் = 6 என்று ஒரு வரியில் சரிபார்த்துவிடலாம்.

ஒய்யின் முன்னால் கழித்தல் இருந்தால் இன்னும் கவனம் தேவை. 5 எக்ஸ் − 2 ஒய் = 10. இதில் −2 ஒய் = −5 எக்ஸ் + 10, வகுக்கும் எண் −2. ஒய் = 5/2 எக்ஸ் − 5. 2-ஆல் வகுத்துவிட்டுக் கழித்தல் குறியை மறந்தால் சாய்வு, வெட்டுத்துண்டு இரண்டின் குறியும் தலைகீழாகும்.

குழப்பத்துக்கு இன்னொரு காரணம் பாடநூலின் எழுத்துத் தேர்வே. பொது வடிவம் ஏ எக்ஸ் + பி ஒய் + சி = 0. சாய்வு வடிவம் ஒய் = எம் எக்ஸ் + சி. இரண்டிலும் சி இருக்கிறது, இரண்டும் வேறு வேறு எண்கள். மேலே உள்ள கணக்கில் முதல் சி −24, இரண்டாவது சி 6. பொது வடிவத்திலிருந்து நேரடியாக எழுத வேண்டுமானால் சாய்வு −ஏ/பி, வெட்டுத்துண்டு −சி/பி. ஆசிரியர்கள் முதல் சிக்கு வேறு எழுத்தைப் போட்டுச் சொல்லிக்கொடுத்தால் வகுப்பில் பாதிக் குழப்பம் தீரும். மனப்பாடம் செய்ய விரும்பாத பிள்ளை ஒய்யைத் தனியாக்கும் வழியை விடாமல் பிடித்துக்கொள்வதே நல்லது. இரண்டு வரி கூடும், ஆனால் மறக்காது.

ஒய் = −3/4 எக்ஸ் + 6 என்ற கோட்டை வரைய அட்டவணை போட வேண்டியதே இல்லை. ஒய் அச்சில் 6-ல் ஒரு புள்ளி. சாய்வின் கீழ் எண் 4, வலப்பக்கம் 4 கட்டம். மேல் எண் −3, கீழே 3 கட்டம். (4, 3) கிடைக்கும். இன்னொரு முறை அதையே செய்தால் (8, 0). மூன்று புள்ளியும் ஒரே அளவுகோல் விளிம்பில் வரவேண்டும். மேல் எண்ணை வலப்பக்கத்துக்கும் கீழ் எண்ணைக் கீழ்ப்பக்கத்துக்கும் போடுபவர்கள் உண்டு. கழித்தல் குறியை இரண்டு பக்கமும் கொடுத்து, இடப்பக்கம் 4, கீழே 3 என்று போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஏறும் கோடு கிடைக்கும். குறி ஒன்றுதான், அதை ஒரு திசைக்குத்தான் கொடுக்க வேண்டும்.

வரைபடத்தாளில் அளவுத்திட்டம் எழுதாமல் விடுவதால் மதிப்பெண் போவது ஒரு பக்கம். அளவுத்திட்டத்தை மறந்து சாய்வைக் கட்டம் எண்ணிச் சொல்வது அதைவிட ஆழமான பிழை. பஸ் கணக்கில் எக்ஸ் அச்சில் ஒரு செ.மீ. ஒரு மணி, ஒய் அச்சில் ஒரு செ.மீ. 10 கிலோமீட்டர் என்று எடுத்தால் கோடு ஒரு செ.மீ. வலப்பக்கம் போக 4 செ.மீ. ஏறும். சாய்வு 4 அல்ல, 40. அதே கோட்டை ஒய் அச்சில் ஒரு செ.மீ. 40 கிலோமீட்டர் என்று வரைந்தால் பார்வைக்கு 45 டிகிரி. சாய்வு இப்போதும் 40-தான். சாய்வு என்பது சாய்வுக் கோணத்தின் டேஞ்சன்ட் என்ற சூத்திரம் இரண்டு அச்சிலும் ஒரே அளவுத்திட்டம் இருக்கும்போது மட்டும்தான் தாளில் கோணமானி வைத்து அளக்கப் பொருந்தும். ஒன்றுக்கொன்று செங்குத்தான கோடுகளின் சாய்வுகளைப் பெருக்கினால் −1 என்ற விதியும் அப்படித்தான்: ஒரே அளவுத்திட்டம் இல்லாத தாளில் செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகத் தெரியாது.

செய்தித்தாள் வரைபடங்களில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒய் அச்சு பல நேரம் சுழியிலிருந்து தொடங்காது. எக்ஸ் அச்சும் 2015, 2016 என்று நடுவில் தொடங்கும். அப்போது கோடு இடது ஓரத்தைத் தொடும் எண் சி அல்ல. எக்ஸ் சுழியாகும் இடத்தில் ஒய் என்ன என்பதுதான் சி. 2015-ஐச் சுழி ஆண்டாக எடுத்துக்கொண்டு, ‘2015-க்குப் பிறகு கழிந்த ஆண்டுகள்’ என்று எக்ஸை மாற்றி எழுதினால் சிக்கு மீண்டும் பொருள் வந்துவிடும்.

பொருளே இல்லாத சியும் உண்டு, அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சென்னைக்கு 2013-ல் அரசு நிர்ணயித்த ஆட்டோக் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். 1.8 கிலோமீட்டரைத் தாண்டிய பயணத்துக்குக் கட்டணம் = 25 + 12 × (தூரம் − 1.8). விரித்தால் 12 × தூரம் + 3.40. ‘குறைந்தபட்சக் கட்டணம்தான் சி’ என்று படித்தவர் 25-ஐ எழுதிவிடுவார். 5 கிலோமீட்டருக்கு 85 ரூபாய் என்று வரும். சரியான விடை 63 ரூபாய் 40 காசு. இங்கே 3.40 ரூபாய்க்கு யாரும் பயணம் போக முடியாது. கோடு 1.8-ல்தான் உயிர் பெறுகிறது. அதற்கு முன் அது 25-ல் படுத்திருக்கும் இன்னொரு கோடு.

மின்கட்டணம் இதன் நீட்சி. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம் என்று எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, அடுத்த 100-க்கு யூனிட் 3 ரூபாய், அதற்கு மேல் 5 ரூபாய் என்று கற்பனை வீதம் வைத்துக்கொள்வோம். நடுத் துண்டின் சமன்பாடு 3 × யூனிட் − 300. 200 யூனிட்டில் 300 ரூபாய். மூன்றாம் துண்டு அந்தப் புள்ளியிலிருந்தே தொடங்க வேண்டும்: 300 = 5 × 200 + சி, ஆகவே சி = −700. வாரியம் நமக்கு 700 ரூபாய் தருகிறது என்று அதற்குப் பொருள் இல்லை. கோட்டைப் பின்னால் நீட்டினால் ஒய் அச்சை எங்கே வெட்டும் என்பதற்கான எண் மட்டுமே. துண்டுகள் சேரும் புள்ளியில் இரண்டு சமன்பாடும் ஒரே விடை தருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதே காரணத்தால்தான் அச்சகத்தின் இரண்டு விலைகளை மட்டும் வைத்து முழுதாக நம்பிவிடக் கூடாது. இரண்டு புள்ளி வழியாக எப்போதும் ஒரு கோடு போகும். அதனால் விலை உண்மையிலேயே நேர்க்கோட்டில்தான் போகிறது என்று ஆகாது. 300-க்கு என்ன விலை என்று மூன்றாவதாக ஒன்று கேளுங்கள். 3,800 என்றால் கோடு நிற்கிறது. வேறு எண் வந்தால் நடுவில் ஏதோ சலுகையோ தனிக் கட்டணமோ இருக்கிறது, இரண்டு துண்டாகப் பிரித்து எழுத வேண்டும்.

பக்கத்துத் தெரு அச்சகம் பத்திரிகைக்கு 7 ரூபாய், நிலைச் செலவு 1,900 ரூபாய் என்றால் எங்கே கொடுப்பது? 9 எக்ஸ் + 1,100 = 7 எக்ஸ் + 1,900. எக்ஸ் = 400. நானூறில் இரண்டு இடத்திலும் 4,700 ரூபாய். அதற்குக் கீழே முதல் அச்சகம், மேலே இரண்டாவது. முதலாவது எப்போதும் மலிவாக இருக்க, அதன் எம், சி இரண்டுமே சிறியதாக இருந்தால் போதும். எம் இரண்டிலும் சமமாக இருந்தால் கோடுகள் சந்திக்கவே செய்யாது, சி குறைந்த இடத்துக்குப் போய்விடலாம்.

இந்த வடிவத்துக்குள் அடங்காத கோடு ஒரு வகைதான்: நெட்டுக்கோடு. எக்ஸ் = 5 என்ற கோட்டில் எந்த இரண்டு புள்ளியை எடுத்தாலும் எக்ஸ் வித்தியாசம் சுழி. சுழியால் வகுக்க முடியாது, எனவே சாய்வு வரையறுக்கப்படவில்லை. இதைச் ‘சாய்வு சுழி’ என்று எழுதுவது பெரிய பிழை; சாய்வு சுழி என்பது ஒய் = 5 போன்ற படுக்கைக்கோடு. பொது வடிவத்தில் ஒய்யின் கெழு சுழியாக இருந்தால், எம்மைத் தேடாமல் எக்ஸ் = இன்ன எண் என்று எழுதி நிறுத்திவிடுங்கள்.